வானவில்லோடு நிற்கும் விளக்குகள்: கணினிக்கும் லைட்டிங் கன்ட்ரோலருக்கும் நடுவில் யுஎஸ்பியில் என்ன நடக்கிறது?

கணினிக் கேசிங்கின் கண்ணாடிக்குள் ஃபேன்கள் எல்லாம் வானவில் நிறத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். மென்பொருளைத் திறந்து சிவப்பைத் தேர்ந்தெடுத்தால் சிவப்பு வராது. அணைக்கச் சொன்னால் அணையாது. இங்கே பினாங்கில் பையன்கள் இதை "அண்ணே, லைட்டு எரியுது, ஆனா சொன்ன பேச்சு கேட்க மாட்டேங்குது" என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். அந்த ஒரு வாக்கியத்திலேயே பாதிக் கோளாறு தெரிந்துவிடும். எரிகிறது என்றால் மின்சாரம் போகிறது. பேச்சு கேட்கவில்லை என்றால் கட்டளை போகவில்லை, அல்லது போய்ச் சேர்ந்தும் புரியவில்லை. இந்த இரண்டில் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? யுஎஸ்பியைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களுக்கும் புரிகிற மாதிரி சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் பெட்டியைப் பார்த்துவிடலாம். விளக்குகளின் நிறத்தை ஆளும் லைட்டிங் கன்ட்ரோலர் உள்ளங்கையில் அடங்கிவிடும். சில மதர்போர்டுகளில் தனிப் பெட்டியே கிடையாது, போர்டில் ஒரு சில்லாக உட்கார்ந்திருக்கும். உள்ளே மைக்ரோகன்ட்ரோலர் என்ற குட்டிக் கணினிச் சில்லு, அதற்குள்ளேயே பதிந்து ஓடும் ஃபர்ம்வேர் என்ற மென்பொருள். பெட்டிக்குள் வரும் வயர்கள் இரண்டு. பவர் சப்ளையிலிருந்து வரும் சாட்டா மின்வயரில் விளக்குகளுக்கான 5 வோல்ட் வருகிறது. மதர்போர்டில் பின்கள் நீட்டிக்கொண்டிருக்கும் 9 பின் யுஎஸ்பி 2.0 ஹெடருக்குப் போகும் வயரில் கட்டளை வருகிறது. மறுபக்கம் இருக்கும் 3 பின் வாய்களில் ஃபேனையும் ஸ்ட்ரிப்பையும் மாட்டுவோம்.

மின்சாரம் வந்ததும் ஃபர்ம்வேர் யாரையும் கேட்காமல் தன் பாட்டுக்கு ஒரு வானவில்லை ஓடவிடும். அதனால் வானவில் மட்டும் ஓடுகிறது என்றால் சாட்டா பக்கம் நலம், சந்தேகப்பட வேண்டியது யுஎஸ்பி பக்கத்தை. இதற்கு நேர்மாறும் உண்டு. மென்பொருளில் கன்ட்ரோலர் பெயரோடு அழகாகத் தெரியும், எந்த நிறத்தைத் தொட்டாலும் பிழை வராது, ஆனால் கேசிங் கும்மிருட்டாக இருக்கும். சாட்டா வயர் கழன்றிருக்கிறதா என்று பாருங்கள். கன்ட்ரோலரின் மூளை யுஎஸ்பியில் வரும் மின்சாரத்திலேயே ஓடிவிடும். விளக்குகளுக்கு அது போதாது. யுஎஸ்பி 2.0 போர்ட் ஒன்று தரக்கூடியது 500 மில்லியாம்ப். பரவலாகப் பயன்படும் டபிள்யூஎஸ்2812பி வகை எல்இடி ஒன்று முழு வெள்ளையில் 60 மில்லியாம்ப் வரை இழுக்கும். இருபது எல்இடி என்றால் 1.2 ஆம்பியர். கணக்குப் பார்த்தால் உங்களுக்கே புரியும்.

அந்த 9 பின் ஹெடரைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஐந்து ஐந்தாக இரண்டு வரிசை, ஒரு மூலையில் ஒரு பின் இருக்காது. ஒவ்வொரு வரிசையும் ஒரு தனி யுஎஸ்பி போர்ட். சில கன்ட்ரோலர்களின் கேபிள் ஒரே வரிசைக்கான சின்ன பிளக்கோடு வரும். அதை ஒரு பின் தள்ளியும் மாட்டலாம், திருப்பியும் மாட்டலாம், தடுக்க ஒன்றும் கிடையாது. கேசிங்கின் அடியில் கையை விட்டுத் தடவித் தடவி மாட்டுகிற இடம் அது. டார்ச் அடித்துப் பார்த்து மாட்டுவது நல்லது.

யார் முதலில் பேசுவது

யுஎஸ்பி 1.0 வெளிவந்தது 1996இல். அதை உருவாக்கிய ஏழு நிறுவனங்களில் இன்டெல்லும் ஒன்று. 1972இல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை அதே இன்டெல் இங்கே பினாங்கின் பாயான் லெப்பாஸில் திறந்தது. அங்கே ஏதோ ஒரு ஆலையில் ஷிப்ட் பார்த்த அத்தையோ சித்தப்பாவோ இல்லாத குடும்பத்தை இங்கே தேடித்தான் பிடிக்க வேண்டும். அது இருக்கட்டும்.

யுஎஸ்பியில் பேச்சைத் தொடங்குவது எப்போதும் கணினிதான். அதை ஹோஸ்ட் என்பார்கள். கோயில் அன்னதானப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். வாளியோடு வருபவர் இலை இலையாக நின்று கேட்டுப் போடுகிறார். உட்கார்ந்திருப்பவர் எழுந்து போய் வாளியில் கைவிட முடியாது. தனக்கு ஏதாவது வேண்டுமென்றாலும் அவர் அடுத்த முறை தன் இலைக்கு வரும்போதுதான் சொல்ல முடியும். கன்ட்ரோலரின் நிலைமையும் இதுதான். தன்னிடம் ஏதோ கோளாறு என்று அதுவாகக் கணினியைக் கூப்பிட்டுச் சொல்ல வழியே இல்லை. ஹோஸ்ட் கேட்டால்தான் பதில். மென்பொருள் எழுதியவர் கேட்காமலே விட்டிருந்தால், கன்ட்ரோலர் என்ன தவித்தாலும் நமக்குத் தெரியாது.

கன்ட்ரோலரைச் செருகியதும் ஹோஸ்ட் முதலில் கேட்பது "நீ யார்?" என்று. அதற்குப் பதிலாக வருவதுதான் டிஸ்கிரிப்டர். நமக்கு உடனே தேவைப்படும் இரண்டு எண்கள் அதில் இருக்கின்றன: தயாரிப்பாளர் எண், பொருள் எண். இரண்டையும் பதினாறடிமானத்தில் (பதினாறை அடிப்படையாகக் கொண்ட எண்முறை), நான்கு இலக்கமாக எழுதுவார்கள். 1532 என்று பார்த்தால் ரேசர், 2516 என்றால் கூலர் மாஸ்டர், 1462 என்றால் எம்எஸ்ஐ. பெட்டியின் மேல் அச்சிட்ட பெயரும் இந்த எண் சொல்லும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கிகாபைட் மதர்போர்டுகள் பலவற்றில் விளக்குச் சில்லு ஐடிஇ என்ற தயாரிப்பாளரின் எண்ணோடுதான் தெரியும். அதனால் பெயரைத் தேடி, காணவில்லை என்று முடிவுகட்ட வேண்டாம். எண்ணைத் தேடுங்கள்.

லினக்ஸில் டெர்மினலைத் திறந்து எல்எஸ்யுஎஸ்பி என்ற கட்டளையைக் கொடுத்தால் பட்டியல் வரும். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரில் அந்தப் பொருளின் விவரங்கள் பக்கத்தில் ஹார்டுவேர் ஐடி என்ற வரியைப் பார்க்க வேண்டும். பட்டியலில் கன்ட்ரோலரே இல்லையென்றால் மென்பொருளை நீக்குவதும் மறுபடி நிறுவுவதும் வீண் வேலை. வயரைப் பாருங்கள், ஹெடரைப் பாருங்கள். நடுவில் யுஎஸ்பி ஹப் ஒன்றைச் செருகியிருந்தால் அதைக் கழற்றிவிட்டு நேராக மாட்டுங்கள்.

லினக்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு வசதி உண்டு. டிஎம்இஎஸ்ஜி என்ற கட்டளை, இயங்குதளத்தின் மையமான கெர்னல் முணுமுணுப்பதையெல்லாம் காட்டும். டிஸ்கிரிப்டரைப் படிக்க முடியவில்லை, பிழை -71 என்று வந்தால் சமிக்ஞையே சிதைந்து வருகிறது என்று அர்த்தம். பெரும்பாலும் கேபிள், ஹப், அல்லது மின்சாரக் குறைவு. -110 என்றால் கேட்டதற்குக் குறித்த நேரத்தில் பதில் இல்லை. -32 சுவாரஸ்யமானது. கன்ட்ரோலர் உயிரோடு இருந்து, அந்தக் கோரிக்கையை ஏற்க முடியாது என்று மறுத்திருக்கிறது. அப்புறம், வெள்ளை நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மட்டும் கன்ட்ரோலர் துண்டிக்கப்பட்டு மறுபடி சேர்ந்ததாக வரி வந்தால் யுஎஸ்பியைக் குற்றம் சொல்லாதீர்கள். எல்லா எல்இடியும் ஒரே நேரத்தில் இழுப்பதால் மின்னழுத்தம் விழுந்து மைக்ரோகன்ட்ரோலர் மயங்கி எழுகிறது.

9 பின் ஹெடர் மேலேயே சந்தேகம் என்றால், அதைச் சாதாரண யுஎஸ்பி பிளக்காக மாற்றும் சின்ன கேபிள் இருக்கிறது. கோலாலம்பூரின் லோ யாட் பிளாசா மாதிரி கணினிப் பொருள் விற்கும் இடங்களில் கேட்டுப் பாருங்கள். கன்ட்ரோலரை அதன் வழியாகக் கேசிங்கின் பின்பக்க போர்ட்டில் மாட்டிப் பார்த்தால், கோளாறு ஹெடரிலா கன்ட்ரோலரிலா என்பது உடனே பிரிந்துவிடும்.

அறுபத்து நான்கு பைட்டுக்குள் ஒரு நிறம்

பெரும்பாலான லைட்டிங் கன்ட்ரோலர்கள் கணினியிடம் தங்களைக் கீபோர்டு, மவுஸ் சேர்ந்த அதே எச்ஐடி இனம் என்றுதான் அறிமுகப்படுத்திக்கொள்கின்றன. காரணம் எளிது. எச்ஐடிக்கான டிரைவர் எல்லா இயங்குதளங்களிலும் ஏற்கெனவே இருக்கிறது, தனியாக எழுத வேண்டாம். எச்ஐடியில் தகவல் போய்வரும் பொட்டலத்துக்கு ரிப்போர்ட் என்று பெயர். இந்தக் கன்ட்ரோலர்களில் அடிக்கடி பார்க்கிற அளவு 64 பைட். ஃபுல் ஸ்பீட் என்கிற 12 மெகாபிட் வேகத்தில் இந்த வகைப் பரிமாற்றத்துக்கான உச்ச அளவும் அதுவே.

அந்த 64 பைட்டுக்குள் என்ன இருக்கும்? அதை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்கிறார். பாடத்துக்காக ஒன்றை நானே கட்டுகிறேன், இது எந்த நிறுவனத்தின் முறையும் அல்ல. முதல் பைட் 50, "நிறம் எழுது" என்ற கட்டளை. இரண்டாவது, எந்த வாய் என்ற எண். மூன்றாவது, எத்தனையாவது எல்இடியிலிருந்து. நான்காவது, எத்தனை எல்இடிக்கு, இங்கே 20. மிச்சம் 60 பைட். எல்இடிக்கு மூன்று பைட் வீதம் இருபது எல்இடிக்குச் சரியாகப் போய்விடும். அதன் பிறகு 51 என்று தொடங்கும் இன்னொரு ரிப்போர்ட், "இதுவரை அனுப்பியதைக் காட்டு" என்று. நிஜக் கன்ட்ரோலர்கள் பலவற்றிலும் இப்படி ஒரு முடித்துவைக்கும் ரிப்போர்ட் உண்டு. நிறமெல்லாம் சரியாகப் போயும் விளக்கு மாறவில்லை என்றால் இந்தக் கடைசி ரிப்போர்ட்டை அனுப்பினோமா என்று பார்க்க வேண்டும்.

இப்போது, தயாரிப்பாளரின் மென்பொருள் கன்ட்ரோலருக்கு நிஜமாக என்ன அனுப்புகிறது என்று ஒட்டுக்கேட்கும் வேலை. வயர்ஷார்க் என்ற இலவச மென்பொருள் யுஎஸ்பியில் போகும் ஒவ்வொன்றையும் வரி வரியாகக் காட்டும். விண்டோஸில் அதை நிறுவும்போதே யுஎஸ்பிபிகேப் வேண்டுமா என்று கேட்கும், வேண்டும் என்று சொல்லுங்கள். லினக்ஸில் யுஎஸ்பிமான் என்ற கெர்னல் மாட்யூலை ஏற்றினால் போதும். தயாரிப்பாளரின் மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும், உங்களிடம் இருப்பதோ லினக்ஸ் என்றால், விண்டோஸை ஒரு மெய்நிகர் கணினியாக ஓட்டி, கன்ட்ரோலரை அதனிடம் ஒப்படைத்துவிட்டு, வெளியே லினக்ஸில் உட்கார்ந்து கேட்கலாம்.

பதிவைத் தொடங்குமுன் நிறத்தை யோசித்துத் தேர்ந்தெடுங்கள். எல்லோரும் முதலில் வெள்ளையைத்தான் அழுத்துவார்கள். வெள்ளையில் மூன்று எண்ணும் 255, எது சிவப்பு எது நீலம் என்று பிரித்துப் பார்க்க வழியில்லை. எனக்குப் பிடித்த நிறம் சிவப்பு 17, பச்சை 34, நீலம் 51. பார்க்க மங்கலான ஒரு நீலம்தான், அழகே இல்லை. ஆனால் பதினாறடிமானத்தில் அது 11 22 33 என்று வரும். பிரகாசத்தை நூறு சதவீதத்தில் வைத்துவிட்டு, எல்லா விளக்குக்கும் இந்த ஒரே நிறத்தைக் கொடுத்துப் பதிவு செய்யுங்கள். பைட் குவியலுக்குள் 11 22 33 11 22 33 என்று ஓடும் வரிசை கண்ணில் வந்து அறையும். அது எங்கே தொடங்குகிறதோ அதற்கு முன்னால் இருப்பது கட்டளைப் பகுதி. 22 11 33 என்று வந்தால் அந்தக் கன்ட்ரோலர் பச்சையை முதலில் கேட்கிறது. டபிள்யூஎஸ்2812பி எல்இடியே பச்சை, சிவப்பு, நீலம் என்ற வரிசையில்தான் வாங்கிக்கொள்ளும். சிவப்பு கேட்டால் பச்சை எரிகிறது என்ற புகாருக்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது இதுதான்.

வயர்ஷார்க்கை முதல் முறை திறப்பவர்களை ஒரு எண் பயமுறுத்தும். லினக்ஸில் பதிவு செய்தால் ஒவ்வொரு பரிமாற்றமும் இரண்டு வரியாக வரும். அனுப்பக் கொடுத்தது ஒன்று, முடிந்தது என்று திரும்பியது இன்னொன்று. முதல் வரியின் நிலை -115 என்று இருக்கும். பிழை மாதிரி தெரிந்தாலும் அது பிழை இல்லை, "வேலை நடந்துகொண்டிருக்கிறது" என்பதற்கான எண். இரண்டாம் வரியில் 0 வந்தால் சரி. கணினி அனுப்பும் பைட்டுகள் முதல் வரியில் இருக்கும், கன்ட்ரோலரிடமிருந்து வரும் பைட்டுகள் இரண்டாம் வரியில் இருக்கும். தவறான வரியைப் பார்த்துவிட்டு காலியாக இருக்கிறதே என்று முழிக்கிறவர்கள் நிறையப் பேர்.

சரி, முடிந்தது என்று 0 வந்துவிட்டது. விளக்கோ மாறவில்லை. இந்த இடத்தில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். யுஎஸ்பியில் பைட்டுகள் பழுதில்லாமல் வந்து சேர்ந்ததும் கன்ட்ரோலர் "கிடைத்தது" என்று ஒரு சமிக்ஞை தரும். அதைத் தருவது மைக்ரோகன்ட்ரோலருக்குள் இருக்கும் யுஎஸ்பி வன்பொருள். ஃபர்ம்வேர் அந்த பைட்டுகளை இன்னும் திறந்துகூடப் பார்த்திருக்காது. திறந்து பார்த்துவிட்டு, இப்படி ஒரு கட்டளை எனக்குத் தெரியாதே என்று குப்பையில் போட்டாலும், நமக்கு ஏற்கெனவே போய்விட்ட "கிடைத்தது" மாறாது. அதனால் மென்பொருள் சொல்லும் வெற்றிச் செய்தியை வைத்துக் கட்டளை புரிந்ததாக முடிவு செய்யக் கூடாது. தயாரிப்பாளரின் அசல் மென்பொருள் அனுப்பிய 64 பைட்டையும், நீங்கள் எழுதிய நிரலோ வேறு மென்பொருளோ அனுப்பிய 64 பைட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு பைட்டாக ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் நம்பகமான வழி. சலிப்பான வேலைதான். வேறு குறுக்குவழி எனக்குத் தெரிந்து இல்லை.

அப்படி ஒப்பிடும்போது சில சமயம் எல்லா பைட்டும் ஒரு இடம் தள்ளிப்போயிருப்பதைப் பார்ப்பீர்கள். இது நிரல் எழுதுகிறவர்களுக்கு வரும் பொறி. எச்ஐடிக்கு எழுதும்போது, நாம் கொடுக்கும் வரிசையின் முதல் பைட் ரிப்போர்ட்டின் அடையாள எண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. கன்ட்ரோலர் அடையாள எண்ணே பயன்படுத்தவில்லை என்றாலும் அங்கே 0 வைக்க வேண்டும். அந்த 0 வயரில் போகாது. ஆக, பதிவில் தெரிவது 64 பைட், நாம் கொடுக்க வேண்டியது 65. பதிவிலிருந்து 64 பைட்டை அப்படியே நகலெடுத்துக் கொடுத்தால், அந்த ரிப்போர்ட்டின் முதல் பைட்டே 0 ஆக இருக்கும்போது அது விழுங்கப்பட்டு, பின்னால் வருவதெல்லாம் ஒரு இடம் முன்னேறிவிடும். முதல் பைட் வேறு எண்ணாக இருந்தால் விளைவு இயங்குதளத்துக்கு இயங்குதளம் மாறும், அது இன்னும் குழப்பம்.

பைட்டுகள் சரி, ஆனாலும்

சிவப்பு வருகிறது, சில விநாடிகளில் மறுபடி வானவில்லுக்குத் திரும்பிவிடுகிறது. சில கன்ட்ரோலர்கள் கணினியிடமிருந்து சிறிது நேரம் பேச்சே இல்லையென்றால் மென்பொருள் செத்துவிட்டது என்று நினைத்துத் தங்கள் பழைய கோலத்துக்குப் போய்விடும். அசல் மென்பொருளைச் சும்மா விட்டுவிட்டு, எதையும் அழுத்தாமல் ஒரு நிமிடம் பதிவு செய்து பாருங்கள். சீரான இடைவெளியில் ஒரே ரிப்போர்ட் திரும்பத் திரும்பப் போகிறதென்றால் அது உயிரோடு இருப்பதாகச் சொல்லும் ரிப்போர்ட். அதை நீங்களும் அனுப்ப வேண்டும்.

நிறம் துடிக்கிறது, இரண்டு நிறத்துக்கு நடுவில் அல்லாடுகிறது என்றால் இரண்டு மென்பொருள்கள் ஒரே கன்ட்ரோலருக்கு எழுதுகின்றன. பல நிறுவனங்களின் விளக்குகளை ஆளும் ஓப்பன்ஆர்ஜிபி என்ற மென்பொருளைப் போட்டிருப்பீர்கள், தயாரிப்பாளரின் மென்பொருளை மூடியிருப்பீர்கள். சன்னல்தான் மூடியிருக்கும், பின்னணியில் அதன் சேவை ஓடிக்கொண்டிருக்கும். டாஸ்க் மேனேஜரில் தேடி நிறுத்துங்கள்.

அசைவு திக்கித் திக்கி வருகிறது என்றால் கணக்குப் போடலாம். 120 எல்இடிக்கு 360 பைட் நிறம். ரிப்போர்ட்டுக்கு 60 வீதம் ஆறு ரிப்போர்ட். ஒரு ரிப்போர்ட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவிலான இடைவெளி டிஸ்கிரிப்டரில் 1 மில்லிவிநாடி என்று இருந்தால் ஆறு மில்லிவிநாடியில் முடிந்துவிடும், விநாடிக்கு 60 படம் காட்டுவதற்குத் தாராளமாக நேரம் மிஞ்சும். அதே இடைவெளி 4 என்று இருந்தால் 24 மில்லிவிநாடி. விநாடிக்கு 41 படத்தைத் தாண்ட முடியாது. இதில் பிழை யாருடையதும் இல்லை, அசைவின் வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

லினக்ஸில் நிர்வாகியாக ஓட்டினால் வேலை செய்கிறது, சாதாரணமாக ஓட்டினால் கன்ட்ரோலரே தெரியவில்லை என்றால் அது அனுமதி விவகாரம். அந்தத் தயாரிப்பாளர் எண்ணுக்கு ஒரு யுடெவ் விதி (எந்தச் சாதனத்தை யார் தொடலாம் என்று லினக்ஸுக்குச் சொல்லும் வரி) எழுதிவைத்துவிட்டு, கன்ட்ரோலரைக் கழற்றி மாட்டினால் தீர்ந்தது. ஓப்பன்ஆர்ஜிபிக்கான விதிக் கோப்பு அதோடே வருகிறது.

தெரியாத கட்டளைகளை 0 முதல் 255 வரை ஒவ்வொன்றாக அனுப்பிப் பார்க்கலாமே என்று ஆசை வரும். வேண்டாம். சில கட்டளைகள் நிறத்தைக் கன்ட்ரோலரின் நிரந்தர நினைவகத்தில் எழுதுபவை. அந்த நினைவகத்தில் இத்தனை முறைதான் எழுதலாம் என்ற வரம்பு உண்டு, அசைவுக்காக விநாடிக்கு அறுபது முறை எழுதினால் சீக்கிரமே தேய்ந்துவிடும். இன்னும் சில, ஃபர்ம்வேரை மாற்றும் நிலைக்குள் கன்ட்ரோலரைத் தள்ளிவிடும், திரும்பிவர வழி தெரியாமல் அங்கேயே நின்றுவிடும். அசல் மென்பொருள் அனுப்பியதைப் பார்த்த கட்டளைகளை மட்டும் அனுப்புங்கள்.

பதிவை யாரிடமாவது கொடுத்து உதவி கேட்பதற்கு முன் ஒரு விஷயம். வயர்ஷார்க் கன்ட்ரோலரை மட்டும் கேட்பதில்லை, அந்த யுஎஸ்பி பாதையில் இருக்கும் எல்லாவற்றையும் கேட்கும். கீபோர்டும் அதே பாதையில் இருந்தால் பதிவு ஓடும்போது நீங்கள் தட்டிய கடவுச்சொல்லும் உள்ளே இருக்கும். கன்ட்ரோலரின் சாதன எண்ணை வைத்து வடிகட்டி, அந்த வரிகளை மட்டும் தனிக் கோப்பாகச் சேமித்துக் கொடுங்கள். கூடவே தயாரிப்பாளர் எண், பொருள் எண், எந்த நேரத்தில் எந்த நிறத்தை அழுத்தினீர்கள் என்ற குறிப்பு. இவ்வளவு இருந்தால் உங்கள் கணினியைப் பார்க்காமலே ஒருவரால் பதில் சொல்ல முடியும்.